மாயாவியை நினைவுகூர்வோர்: சித்திரக்கதை ஆண்டு விழாக்களும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வாசிப்பு வரலாறும்

2024ஆம் ஆண்டில் மூன்று தமிழ் இதழ்கள் தத்தம் வாழ்நாளின் குறிப்பிடத்தக்க ஆண்டை எட்டின. அல்லது எட்டியிருக்க வேண்டும். 1984 சூலையில் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் நாற்பதாண்டை நிறைவு செய்தது. அதே மாதத்தில் சென்னையில் தினத்தந்தி நிறுவனத்தார் தொடங்கிய ராணி காமிக்ஸுக்கும் அதுவே நாற்பதாம் ஆண்டு. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசன் நாளிதழுக்கோ நூற்றாண்டு. இம்மூன்றனுள் தன் விழாவைத் தானே எடுத்துக்கொள்ள முடிந்தது லயன் காமிக்ஸ் மட்டுமே. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுவிட்டது. தமிழ் நேசன் 2019 சனவரி இறுதியோடு அச்சை நிறுத்திக்கொண்டது.

ஆண்டு விழா என்பது உயிரோடிருக்கும் இதழுக்கு உரியது. வரலாறு எழுதுவோர் இதனை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். விழா எடுக்கும் இதழைப் பற்றி மலர் வெளியாகும், ஆசிரியர் பேசுவார், வாசகர் எழுதுவர். நின்றுபோன இதழைப் பற்றி யார் பேசுவது? அதனைப் படித்தவர்களே பேச வேண்டும். ஆகவே, சித்திரக்கதை விழாக்களில் வாசகர்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவுகளை வெறும் பழைய இன்பம் என்று ஒதுக்கிவிடாமல், அவற்றைச் சான்றாகக் கொள்ள இயலுமா, இயலுமாயின் எவ்வாறு என்பதையும், நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்பணி எங்கே நிற்கிறது என்பதையும் இவ்வுரையில் ஆராய விரும்புகிறேன். பொதுப்பெயராகச் சித்திரக்கதை என்னும் சொல்லை ஆள்கிறேன். வாசகர் நாவில் அது என்றும் காமிக்ஸ்தான்.

படமும் உரையாடலும் இணைந்த கதை தமிழில் 1972இல் திடீரெனப் பிறந்துவிடவில்லை. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய கன்னித்தீவு, நாள்தோறும் சில கட்டங்களாக வந்து, எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் நாளிதழுக்கு இழுத்தது. 1964இல் பம்பாயிலிருந்து தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் சிலவற்றிலும் வந்தது. ஆயினும், வெளிநாட்டுச் சாகசக் கதையைத் தனிப் புத்தகமாகத் தொடர்ந்து தமிழில் வெளியிட்டு, அதற்கென ஒரு வாசகர் கூட்டத்தை உண்டாக்கியது, சௌந்திரபாண்டியன் சிவகாசியில் 1972 சனவரியில் தொடங்கிய முத்து காமிக்ஸ்தான். தீப்பெட்டிச் சீட்டும் நாட்காட்டியும் அச்சிட்ட ஊர் அது. தொடக்க ஆண்டுகளில் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் முல்லை தங்கராசன். முதல் இதழ், இரும்புக்கை மாயாவி.

இந்தப் பெயரிலேயே மொழி ஆசிரியர்கள் சற்று நின்று பார்க்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. மூலக்கதை 1962இல் இலண்டனின் வேலியண்ட் வார இதழில் தொடங்கியது. அதனை வரைந்தவர் எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வகத்தில் பணியாற்றிய லூயிஸ் கிராண்டேல் என்பவன் வலக்கையை இழந்து, எஃகினாலான செயற்கைக் கை பொருத்தப்பெறுகிறான். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கையைத் தவிர மற்றெல்லாம் மறைந்துபோகும். ஆங்கிலத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் 'எஃகு நகம்' என்பது போல ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். எஃகு சங்க நூல்களிலேயே வழங்கும் பழஞ்சொல், பிழையொன்றும் இல்லை. ஆனால் பெயரிட்டவர் எஃகை விட்டு இரும்பை எடுத்தார், நகத்தை விட்டுக் கையை எடுத்தார், மூலத்தின் தலைப்பில் இல்லாத மாயாவியைக் கொண்டுவந்து சேர்த்தார். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மறைந்து திரிபவன் அயலானாகத் தோன்றாதவாறு அந்த ஒரு சொல் செய்துவிட்டது. மொழிபெயர்ப்புப் பாடத்தில் எடுத்துக்காட்டு தேடும் ஆசிரியர்கள் இதனைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினேழு. முதல் இதழ், கத்தி முனையில் மாடஸ்டி. பின்னர் வந்த ஸ்பைடர் கதைகளும், இரும்பு மனிதன் ஆர்ச்சியின் கதைகளும், இத்தாலியில் 1948இல் பிறந்த டெக்ஸ் வில்லரின் கதைகளும் அவ்விதழை நிலைநிறுத்தின. அதே சூலையில் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டின் அழகியைத் தேடி என்னும் கதையோடு வந்தது. நாளிதழின் வழங்கல் வலை பின்னால் இருந்ததால், சிவகாசி இதழ்கள் எட்டாத சிற்றூர்ப் பெட்டிக்கடைக்கும் அது சென்றது. ஒரே மாதத்தில் பிறந்த இவ்விரண்டனுள் ஒன்றன் வரலாறு இன்று விரிவாகக் கிடைக்கிறது. லயன் ஆசிரியரே தம் தொடக்க நாள்களைச் சிங்கத்தின் சிறுவயதில் என்னும் தொடராக எழுதியிருக்கிறார். மற்றதன் வரலாறு பழைய புத்தகக் கடைகளிலும் சேகரிப்போர் அலமாரிகளிலும் சிதறிக் கிடக்கிறது.

இந்த நாயகர்களைப் பெற்றெடுத்த நாட்டில் அவர்களுக்கு நேர்ந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பைடரும் ஆர்ச்சியும் தோன்றிய இலண்டன் வார இதழின் பெயரும் லயன்தான். அது 1974இல் வேலியண்டோடு இணைக்கப்பட்டது. வேலியண்ட் 1976இல் முடிந்தது. அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டு கழிந்தே மாயாவியின் கதைகள் அந்நாட்டில் முறையான தொகுப்பு நூலாயின. தமிழ்நாட்டிலோ அதே கதைகள் மறுபதிப்பு மேல் மறுபதிப்பாக வந்துகொண்டிருந்தன. தந்தை படித்ததை மகனும் படித்தான்.

ஆயினும் சிவகாசி இதழ்களும் வழக்கமாக வந்துகொண்டே இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டுக்குப் பின் இதழ்கள் பிந்தின. பல மாதங்கள் வெறுமையாகக் கழிந்தன. 2010இல் இரத்தப் படலம் என்னும் நெடுங்கதையின் பதினெட்டுப் பாகங்களும் ஒரே தொகுதியாக, கறுப்பு வெள்ளையில், 200 ரூபாய்க்கு வந்தபோது, பழைய வாசகர் பலர் மீண்டும் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். 2012 சனவரியில் வண்ண அச்சில் 100 ரூபாய் விலையில் ஒரு சிறப்பிதழ். 2013 சனவரியில் முத்து காமிக்ஸின் நாற்பதாண்டை ஒட்டி 400 ரூபாய் விலையில் மற்றொன்று. சிறுவர்க்கென்று சில்லறைக் காசுக்கு விற்ற இதழ், சம்பளம் வாங்கும் பெரியவர்க்கான நூலாக மாறியது இந்த ஆண்டுகளில்தான். வாங்கியவர்களுள் பெரும்பாலோர் முன்பு சில்லறை கொடுத்து வாங்கிய அதே ஆட்களே. இச்சிறப்பிதழ்களுக்கு ஆங்கிலப் பெயர்களைச் சூட்டும் வழக்கம் நம் மன்றத்தாருக்கு உவப்பாக இராது. உள்ளிருக்கும் கதைகளுக்கு இட்ட பெயர்கள் நல்ல தமிழாக இருப்பதால் மன்னித்துவிடலாம்.

இவ்வாறு திரும்பி வந்தவர்கள் கூடும் இடமாக ஈரோடு அமைந்தது. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் அவ்வூரில் ஆகஸ்டு மாதம் நடத்திவரும் புத்தகத் திருவிழாவை ஒட்டி, லயன்-முத்து வாசகர்கள் சந்தித்துக்கொள்வது வழக்கமாயிற்று. லயனின் முப்பதாம் ஆண்டுச் சிறப்பிதழ் 2014இல் அங்கேதான் வெளியாயிற்று. 2018இல் இரத்தப் படலத்தின் வண்ணத் தொகுப்பும் அங்கேதான் வாசகர் கைக்கு வந்தது. நியூயார்க்கில் 1964இல் நடந்த முதற் கூட்டத்திலிருந்தும், 1970இல் சில நூறு பேரோடு சான் டியாகோவில் தொடங்கி இன்று இலட்சத்தைத் தாண்டிய மாநாட்டிலிருந்தும் ஈரோட்டுச் சந்திப்பு வேறுபட்டது. அங்கே திரைப்பட நிறுவனங்கள் வருகின்றன. இங்கே ஆசிரியரும் வாசகரும் ஓர் அறைக்குள் அமர்ந்து, வரப்போகும் கதையைப் பற்றி வாதிடுகின்றனர். பிறகு பேச்சு பழைய கதைக்குத் திரும்புகிறது.

அந்தப் பழைய கதைப் பேச்சுதான் நமக்கு வேண்டிய சான்று. வாசகர் எதை நினைவில் வைத்திருக்கிறார்? கதையின் முடிவைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார். அட்டைப்படத்தை மறப்பதில்லை. விலையை மறப்பதில்லை. எந்தக் கடையில், யாருடைய காசில் வாங்கினார், வாங்கியதை யாரிடமிருந்து எங்கே ஒளித்து வைத்தார் என்பவற்றை மறப்பதே இல்லை. பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்து அகப்பட்டுக்கொண்டதும், இரவல் போன இதழ் திரும்பாததும், கோடை விடுமுறையில் ஓர் இதழுக்கு இன்னோர் இதழ் என்று மாற்றிக்கொண்டதும் மீண்டும் மீண்டும் வரும். இலக்கிய வரலாற்று நூலில் இடம்பெறாத செய்திகள் இவை. ஆனால் ஒரு சமுதாயம் எவ்வாறு படிக்கக் கற்றது என்பதற்கு இவற்றைவிட நெருக்கமான சான்று எளிதில் அகப்படாது.

ஆனால் இந்தச் சான்றைக் கையாளுவதில் விழிப்பு வேண்டும். மாயாவி என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். முத்து காமிக்ஸ் வாசகருக்கு மாயாவி என்றால் இரும்புக்கை லூயிஸ். ராணி காமிக்ஸ் வாசகருக்கோ மாயாவி என்றால் மண்டையோட்டு மோதிரம் அணிந்து காட்டில் வாழும் முகமூடி வீரர். முத்து காமிக்ஸ் வாசகர் வேதாளர் என்று அறிந்தவர் அவரே. இருவர் எதிரெதிரே அமர்ந்து மாயாவியைப் பற்றி அரைமணி நேரம் மகிழ்ச்சியாகப் பேசிவிட்டு, இரு வேறு ஆள்களைப் பற்றிப் பேசியதை அறியாமலே எழுந்து போகலாம். ஆகவே, கேட்பவர் முதலில் கேட்க வேண்டியது: இரும்புக்கையா, மோதிரமா? நம் நாட்டில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலம் படித்த மலேசிய மாணவர்க்கு ஆர்ச்சி என்றால் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி இளைஞன். சிவகாசி ஆர்ச்சியோ இயந்திர மனிதன்.

ஆண்டுக் கணக்கிலும் இத்தகைய இடர் உண்டு. ஒருவர் தாம் மூன்றாம் ஆண்டு படித்தபோது, 1979இல், ராணி காமிக்ஸ் படித்ததாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவ்விதழ் தொடங்கியது 1984 சூலையில். சொன்னது பொய் என்று தள்ளிவிடும் மாணவர் அவசரப்படுகிறார். அவர் படித்தது ராணி வார இதழாக இருக்கலாம், முத்து காமிக்ஸாக இருக்கலாம், அல்லது பள்ளி ஆண்டையே அவர் மாற்றிச் சொல்லியிருக்கலாம். கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலும் எதுவென்று விளங்கிவிடும். பிற்காலத்தில் மிகப் பரவிய ஓர் இதழின் பெயர் முன்னர்ப் படித்தவற்றின் மேலும் படிந்துவிடுகிறது என்பதே ஒரு வரலாற்றுச் செய்தி. அவ்விதழின் வீச்சு எத்தகையது என்பதை அது காட்டுகிறது.

இனி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டு வாசகர் தம் இதழைப் பெட்டிக்கடையில் வாங்கினார். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இருந்த சிறுவன் கைக்கு அது கடல் கடந்து வர வேண்டியிருந்தது. முத்து காமிக்ஸ் தொடங்கிய 1972ஆம் ஆண்டில்தான் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சென்னையையும் நாகப்பட்டினத்தையும் நம் கரையோடு இணைத்த இரஜுலா கப்பல் 1973இல் ஓய்வுபெற்றது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது; அத்தோடு அந்தப் பயணிகள் கப்பல் வழி முடிந்தது. முத்து காமிக்ஸின் முதல் பதின்மூன்று ஆண்டுகள் கப்பல் பயணத்தின் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளோடு ஏறத்தாழ ஒன்றிப்போகின்றன. கடைக்காரர் வரவழைத்த கட்டு ஒரு வகை. ஊருக்குப் போய்த் திரும்பிய தாத்தாவின் இரும்புப் பெட்டிக்குள் வேட்டிக்கும் ஊறுகாய்ச் சாடிக்கும் இடையே வந்த இதழ் இன்னொரு வகை. முதல் வகைக்குக் கணக்குப் புத்தகம் இருக்கலாம். இரண்டாம் வகை எந்தச் சுங்கப் பதிவேட்டிலும் ஏறாது. பெட்டி திறக்கப்படும்போது அருகில் அமர்ந்திருந்த பிள்ளைகளின் நினைவில்தான் அது பதிந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று அறுபது வயதை ஒட்டி ஆகியிருக்கும்.

மலேசியத் தமிழ் எழுத்தின் வரலாற்றைத் தொகுத்தோர் நம்மிடையே உண்டு. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை 1966 ஏப்ரலில் நடத்திய நகரம் இது. ஆனால் இங்கு எழுதப்பட்டவற்றின் வரலாறு வேறு; இங்கு படிக்கப்பட்டவற்றின் வரலாறு வேறு. இங்கு அச்சான நூலுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு: 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, மலேசியாவில் பதிப்பிக்கப்பெறும் நூலின் படிகள் தேசிய நூலகத்துக்குச் செல்ல வேண்டும். சிவகாசியில் அச்சாகிக் கிள்ளானில் படிக்கப்பட்ட இதழுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஒரு தலைமுறைத் தமிழ்ப்பள்ளி மாணவரின் தமிழ் வாசிப்பில் பங்கேற்ற இதழ்கள், எந்த ஏட்டிலும் கட்டாயமாகப் பதிவு பெறாமலே வந்து போயின.

வந்தவை எங்கே போயின என்பதை ஊகிப்பது கடினமன்று. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது, லாரியில் ஏற்றியவற்றுள் பாத்திரமும் சாமிப் படமும் இருந்தன. மாயாவிக்கு இடம் இருந்திருக்காது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோதும் இதுவே நடந்திருக்கும். எஞ்சியவற்றின் தாளோ செய்தித்தாள் வகை. அது தானே பழுப்பேறி நொறுங்கும். நம் ஈரக்காற்றில் இன்னும் விரைவாக.

மலாய்க் கேலிச்சித்திரத்துக்கு இந்நிலை நேரவில்லை. கீலா-கீலா இதழ் 1978இல் தொடங்கியது. லாட் வரைந்த கம்போங் பாய் 1979இல் நூலாயிற்று. இன்று அத்துறைக்கென ஆய்வாளர்களும் நூல்களும் கோலாலம்பூரில் ஒரு காட்சியகமும் உள்ளன. அவை இந்நாட்டிலேயே பிறந்தவை என்பதால் அது இயல்பே. ஆனால் 1980ஆம் ஆண்டுகளில் ஒரே மேசையில் லாட்டையும், அமெரிக்க ஆர்ச்சியையும், இரும்புக்கை மாயாவியையும் மாற்றி மாற்றிப் படித்த பிள்ளையின் கதை அந்தக் காட்சியகத்திலும் இல்லை, ஈரோட்டிலும் இல்லை. மூன்று மொழிகளில் சித்திரக்கதை படித்த அந்தப் பிள்ளையின் நினைவு, தமிழ்நாட்டு வாசகர் எவரும் சொல்ல முடியாத ஒன்று. எந்த மொழியில் சிரித்தான், எந்த மொழியில் அஞ்சினான், எந்த மொழியில் படிப்பதை எந்த வயதில் நிறுத்தினான்? கடைசிக் கேள்விக்கான விடை தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரிதும் வேண்டியது. ஆறாம் ஆண்டோடு தமிழ் வாசிப்பு அறுந்துபோவதைப் பற்றி ஆண்டுதோறும் கவலைப்படுகிறோம். அறுந்துபோகாமல் சிலரை இடைநிலைப்பள்ளியிலும் தமிழோடு கட்டிவைத்திருந்தது எது என்று கேட்கும்போது, அந்த விடைகளுள் ஒன்றாக இவ்விதழ்களும் வரக்கூடும். வாராமலும் போகலாம். கேட்டால்தான் தெரியும்.

தனியாள் சேர்த்து வைத்தது பொதுச் செல்வமாவதற்குத் தமிழில் நல்ல முன்மாதிரி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக விளம்பரச் சீட்டையும் திருமண அழைப்பையும்கூட எறியாமல் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தார். அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தை இன்று உலகெங்குமுள்ள தமிழாய்வாளர் நாடுகின்றனர். அவர் சேர்த்த காலத்தில் அவற்றுள் பெரும்பகுதி குப்பையாகக் கருதப்பட்டிருக்கும். கிள்ளானிலும் செந்தூலிலும் யாரேனும் ஒருவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கும் அட்டைப் பெட்டிக்கும் அதே நிலைதான்.

நூலகம் அமைப்பது பிறகு ஆகட்டும். வரும் பள்ளி விடுமுறையில் மாணவர்கள் செய்யக்கூடிய அளவில் இதனைத் தொடங்கலாம். தம் குடும்பத்திலோ அண்டைவீட்டிலோ ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம், கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்ய இசைவு பெற்று, அரைமணி நேரம் கேட்டால் போதும். கதையைப் பற்றித் தொடங்காமல் கடையைப் பற்றித் தொடங்குவது நல்லது: எந்தத் தெரு, என்ன விலை, ரிங்கிட்டா காசா, இதழ் எத்தனை நாள் பிந்தி வந்தது, வீட்டில் யார் யார் படித்தனர், பெண்பிள்ளைகளுக்கும் கொடுக்கப்பட்டதா. கடைசிக் கேள்வியை அழுத்திக் கேட்க வேண்டும். விழாக்களில் மேடையேறும் நினைவுகளில் ஆண்களுடையவையே மிகுதி. ஆனால் அக்காள் படித்து முடித்த பின்னரே இதழ் தம்பி கைக்கு வந்த வீடுகள் இருந்தன என்பதை அக்காள்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

இதழே கையில் கிடைத்தால், அதன் எண், ஆண்டு, கதைப்பெயர், மொழிபெயர்ப்பாளர் பெயர் உண்டா இல்லையா என்பவற்றை முதலில் குறித்துக்கொள்க. அட்டையைப் படமெடுப்பவர் பலர். ஆசிரியர் பக்கத்தையும் வாசகர் கடிதப் பக்கத்தையும் விளம்பரங்களையும் படமெடுப்பவர் சிலரே. கடிதப் பக்கத்தில் மலேசிய முகவரியோடு ஒரு கடிதம் அச்சாகியிருந்தால், அது இந்நாட்டு வாசகரின் எழுத்துச் சான்று. பின்னட்டையையும் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்திய விலையின் மேல் ஒட்டிய ரிங்கிட் விலைச்சீட்டோ, பிரிக்பீல்ட்ஸ் அல்லது கிள்ளான் கடை ஒன்றன் முத்திரையோ அங்கே இருக்கக்கூடும்; மை மங்கியிருந்தால், வெளிச்சத்தைச் சாய்த்து வைத்து இரண்டு முறை படமெடுக்க.